ஒரு கட்டெறும்பு, முப்பத்தொரு படங்கள்

இறந்துபோன ஒரு கட்டெறும்பை எடுத்து, அதன் முகம் உங்களைப் பார்த்திருக்குமாறு வைத்து, ஒரு கை லென்ஸ் வழியே பாருங்கள். தாடைகள் தெளிவாகத் தெரியும்போது கண்கள் மங்கியிருக்கும். லென்ஸைச் சற்றே முன்னால் நகர்த்துங்கள். கண்கள் தெளிவடையும், ஆனால் தாடைகள் மங்கிவிடும். இன்னும் நகர்த்தினால் முதுகு தெரியும், தலை கரைந்துபோகும். எறும்பு முழுவதையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடிவதே இல்லை.

நமக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. லென்ஸை முன்னும் பின்னும் ஆட்டி, கண்ட துண்டுகளையெல்லாம் மூளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. காமிராவுக்கு அந்த வசதி கிடையாது. அது ஒரு கணத்தில் ஒரு தளத்தை மட்டுமே கூர்மையாகப் பதிவு செய்யும். அப்படியானால், அறிவியல் நூல்களில் எறும்பின் தாடை முதல் வயிற்றின் நுனி வரை ஒவ்வொரு மயிரும் தெளிவாகத் தெரியும் படங்களை எப்படி எடுக்கிறார்கள்? அவை ஒரே படம் அல்ல. பல படங்களிலிருந்து கணிப்பொறி பொறுக்கிச் சேர்த்த படம். ஆங்கிலத்தில் இம்முறையை ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்கிறார்கள். நாம் ‘குவிய அடுக்கு’ என்று வைத்துக்கொள்வோம்.

துவாரத்தைச் சுருக்கினால் போதாதா?

ஒளிப்படம் எடுத்துப் பழகியவர்கள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள்: “லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கினால் தெளிவின் ஆழம் கூடுமே, பிறகு ஏன் இவ்வளவு பாடு?” நல்ல கேள்விதான். கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

பொருளின் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி, லென்ஸைக் கடந்ததும் கூம்பு வடிவில் குவிகிறது. கூம்பின் நுனி காமிராவின் உணர்தகட்டில் சரியாக விழுந்தால் புள்ளி புள்ளியாகவே பதிவாகும். நுனி தகட்டுக்கு முன்னாலோ பின்னாலோ விழுந்தால், புள்ளிக்குப் பதில் ஒரு சிறு வட்டம் பதிவாகும். இந்த வட்டம் 0.02 மி.மீ. அளவுக்குள் இருந்தால் தெளிவாகவே இருப்பதாக நம் கண் ஏற்றுக்கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். துவாரம் சிறிதானால் கூம்பு ஒடுங்கும், வட்டமும் சிறுக்கும், தெளிவின் ஆழம் கூடும்.

துவாரத்தின் அளவை எஃப் எண்ணால் குறிப்பது வழக்கம். குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே எஃப் எண். எண் கூடினால் துவாரம் சிறியது. எறும்பின் பிம்பம் எறும்பின் அளவே இருக்கும்படி படம் எடுப்பதாகக் கொள்வோம். அந்த நிலையில், எஃப் எண்ணை 0.02-ஆலும் பின்னர் 4-ஆலும் பெருக்கினால் தெளிவின் ஆழம் மில்லிமீட்டரில் கிடைக்கும். எஃப் எண் 5.6 என்றால் ஆழம் சுமார் 0.45 மி.மீ.; 22 என்றால் 1.76 மி.மீ. நம் எறும்பின் நீளமோ 9 மி.மீ.! துவாரத்தை இவ்வளவு சுருக்கியும் ஐந்தில் ஒரு பங்குதான் தேறுகிறது.

அதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒளி ஓர் அலை. சிறிய துவாரத்தின் வழியே செல்லும்போது அது விரிந்து பரவும். இதுவே விளிம்பு விளைவு. இதனால் மிகச் சரியாகக் குவிந்த புள்ளிகூட ஒரு சிறு வட்டமாகத்தான் விழும். பொருளும் பிம்பமும் சம அளவில் இருக்கும்போது பிம்பம் எங்கே விழும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள்: குவியத் தூரத்தைப் போல் இரு மடங்குத் தொலைவில். ஆகவே எஃப் எண்ணும் இரு மடங்கானதாகவே கொள்ள வேண்டும். பச்சை ஒளியின் அலைநீளம் 0.00055 மி.மீ. இதை 2.44-ஆலும், இரு மடங்காக்கிய எஃப் எண்ணாலும் பெருக்கினால் வட்டத்தின் விட்டம் வரும். எஃப் எண் 5.6-க்கு 0.015 மி.மீ.; நாம் வைத்த வரம்புக்குள் இருக்கிறது. 22-க்கு 0.059 மி.மீ.; வரம்பைப் போல் மூன்று மடங்கு. ஆழத்தைக் கூட்டப் போய், படம் முழுவதையும் மங்கலாக்கியதுதான் மிச்சம்.

இது காமிராக் கம்பெனியின் குறை அன்று. எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் இயற்கை இங்கே விட்டுக்கொடுக்காது. ஆகவே, துவாரத்தைத் திறந்தே வைத்து, மெல்லிய தெளிவான துண்டுகளாகப் பல படங்கள் எடுப்பதே வழி. துண்டின் தடிப்பு 0.45 மி.மீ. என்றால், அடுத்தடுத்த துண்டுகள் ஓரளவு ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும் என்பதற்காக 0.3 மி.மீ. நகர்த்தி நகர்த்தி எடுக்கலாம். 9 மி.மீ. எறும்புக்கு முப்பது நகர்வுகள், முப்பத்தொரு படங்கள்.

திருகு அளவியும் மோட்டாரும்

0.3 மி.மீ. வீதம் முப்பது முறை கையால் நகர்த்துவது முடியாத காரியம் இல்லை. ஆனால் இருபதாவது முறை கை சற்றுக் கூடுதலாகத் திருகிவிட்டால் என்ன ஆகும்? இரண்டு தெளிவான துண்டுகளுக்கு இடையே, எந்தப் படத்திலும் தெளிவாக விழாத ஒரு பட்டை நின்றுவிடும். கணிப்பொறியால் அதைத் தெளிவாக்க முடியாது. இல்லாததை அது எங்கிருந்து பொறுக்கும்? படத்தில் எறும்பின் கழுத்து மட்டும் வழவழவென்று மயிரில்லாமல் தோன்றும். பார்ப்பவர் அந்த எறும்புக்கு அங்கே மயிரே இல்லை என்று நம்பிவிடுவார். எறும்பு இனங்களைப் பிரித்தறிவதில் மயிர்களின் எண்ணிக்கையும் இருப்பிடமும் முக்கியமான அடையாளங்கள். ஒரு தவறான திருகலில் ஓர் இனம் வேறோர் இனமாகிவிடலாம்!

எனவே இங்கே கணிப்பொறி வேலையை எளிதாக்குவதற்காக மட்டும் வரவில்லை. நகர்வுகள் சமமாக இருப்பதற்கு உறுதி தருவதே அதன் முதல் வேலை.

ஆய்வகத்தில் திருகு அளவியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். திருகு ஒரு முழுச் சுற்று சுற்றினால் 1 மி.மீ. நகரும், தலைக்கோலில் 100 பிரிவுகள், ஆகவே மீச்சிற்றளவு 0.01 மி.மீ. காமிராவை நகர்த்தும் கருவியும் இதே தத்துவந்தான். தலையைத் திருகும் விரல்களுக்குப் பதில் ஒரு ஸ்டெப்பர் மோட்டார். சாதாரண மோட்டார் மின்சாரம் பாய்ந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு மின்துடிப்புக்கு ஓர் அடி மட்டும் எடுத்து வைத்து நிற்கும். பரவலாகக் கிடைக்கும் மோட்டார்களில் ஓர் அடி 1.8 பாகை, 200 அடிகளில் ஒரு சுற்று. கடையில் விற்கும் 6 மி.மீ. மரைத்தண்டு ஒன்றில் பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகர்வு இருக்கும். இரண்டையும் இணைத்தால் ஓர் அடிக்கு 0.005 மி.மீ., அதாவது 5 மைக்ரான். திருகு அளவியின் மீச்சிற்றளவில் பாதி. நம் எறும்புக்கு 60 துடிப்புகள் அனுப்பினால் ஒரு நகர்வு ஆயிற்று.

திருகு அளவியில் ஆசிரியர் ஓர் எச்சரிக்கை சொல்லியிருப்பாரே, நினைவிருக்கிறதா? திருகை முன்னும் பின்னும் மாற்றிச் சுழற்றக் கூடாது. திசை மாறும்போது மரைகளுக்கு இடையே உள்ள தளர்வால் தலை சுழன்றாலும் திருகு சற்று நேரம் நகராது என்று. இங்கும் அப்படியே. கணிப்பொறி காமிராவைத் தொடக்க இடத்துக்கும் சற்றுப் பின்னால் கொண்டுபோய், பிறகு ஒரே திசையில் முன்னேற வேண்டும்.

காமிராவை நகர்த்தாமலே இன்னொரு வழியும் உண்டு. தானாகக் குவியப்படுத்தும் லென்ஸுக்குள்ளேயே ஒரு சிறு மோட்டார் இருக்கிறது. யு.எஸ்.பி. கேபிள் வழியே, ‘இன்னும் ஒரு சிறு அடி அருகே குவி’ என்று அதற்குக் கணிப்பொறி ஆணையிடலாம். காமிராவும் கணிப்பொறியும் பேசிக்கொள்வதற்கென்று பி.டி.பி. என்ற பொது நெறிமுறை இருக்கிறது. நகர்த்து, எடு, படத்தை அனுப்பு என்ற ஆணைகள் எல்லாம் அதன்மேல் அமைந்தவை. ஜிஃபோட்டோ என்ற இலவச மென்பொருள் பல கம்பெனிக் காமிராக்களோடு இம்மொழியில் பேசும். நீங்கள் எழுத வேண்டிய நிரலோ மிகச் சிறியது: நகர்த்து, இரண்டு விநாடி காத்திரு, எடு, முப்பத்தொன்று ஆகும் வரை திரும்பச் செய்.

‘காத்திரு’ என்ற ஆணையைச் சிலர் நேர விரயம் என்று நீக்கிவிடுகிறார்கள். என் கருத்தில் நிரலிலேயே மதிப்புள்ள வரி அதுதான். மோட்டார் நின்ற பிறகும் தாங்கியில் அதிர்வு அடங்கச் சிறிது நேரமாகும். பக்கத்தில் யாராவது நடந்தால்கூடப் போதும், மைக்ரான் அளவில் அது ஒரு நிலநடுக்கம்.

உருப்பெருக்கம் கூடக் கூட ஆழம் மிக வேகமாகக் குறைகிறது. 10 மடங்கு உருப்பெருக்கும் நுண்ணோக்கிப் பொருளருகு லென்ஸைக் காமிராவில் பொருத்தினால், தெளிவின் ஆழம் ஏறத்தாழ 9 மைக்ரான்தான். மோட்டாரின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு படம் எடுக்க வேண்டும். அதே எறும்புக்கு 1,801 படங்கள்! படம் ஒன்றுக்கு 5 விநாடி என்றால் இரண்டரை மணி நேரம். பிரிட்டிஷ் ஒளிப்படக் கலைஞர் லெவன் பிஸ், 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்த பூச்சிப் படங்கள் இவ்வகையின. ஒரு பூச்சிக்கே 8,000 படங்களுக்குமேல் எடுத்து இணைத்தவை. கையால் ஆகிற வேலையா இது?

கணிப்பொறி எப்படிப் பொறுக்குகிறது?

முப்பத்தொரு படங்கள் வந்துவிட்டன. எந்தப் படத்தில் எந்த இடம் தெளிவு என்று கண்ணில்லாத கணிப்பொறிக்கு எப்படித் தெரியும்?

டிஜிட்டல் படம் என்பது எண்களின் கட்டம். ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் ஒளிர்வைக் காட்டும் ஓர் எண்: கருமைக்கு 0, வெண்மைக்கு 255. கரிய மயிர் ஒன்றின் விளிம்பு தெளிவாக விழுந்த படத்தில் அடுத்தடுத்த நான்கு பிக்சல்கள் 20, 22, 180, 182 என்று இருக்கலாம். அதே இடம் மங்கலான படத்தில் 60, 85, 120, 140 என்று இருக்கும். முன்னதில் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையே மிகப்பெரிய வேறுபாடு 158. பின்னதில் 35 மட்டுமே. மங்கல் என்பது அண்டை அயலார் ஒருவரையொருவர் ஒத்துப்போவது! எனவே ஒவ்வோர் இடத்திலும் எந்தப் படத்தில் வேறுபாடு மிகுதியோ அந்தப் படத்தின் பிக்சலை எடுத்துக்கொள் என்பதே விதி. 1983-இல் பீப்பர், கார்பெல் என்ற இருவர் கணிப்பொறி மூலம் இப்படிப் படங்களைச் சேர்ப்பது பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். இன்று மேசைக் கணிப்பொறியே சில நிமிடங்களில் இதைச் செய்துவிடும்.

கணிப்பொறி இல்லாத காலத்திலும் மனிதன் சும்மா இருக்கவில்லை. 1964-இல் டான் மக்லாக்லன் என்ற அமெரிக்கர், காகிதம்போல் மெல்லிய ஒளித்தகடு ஒன்றைக் குவியத் தளத்தில் மட்டும் பாய்ச்சி, ஷட்டரைத் திறந்தே வைத்து, பொருளை அந்த ஒளியினூடே மெல்ல நகர்த்தும் முறையை விளக்கினார். தெளிவாக உள்ள இடம் மட்டுமே ஒளி பெறுகிறது. மங்கலான இடம் இருட்டில் கிடக்கிறது. பிலிமே பொறுக்கிக்கொண்டது! எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

கணிப்பொறியின் விதி எங்கே ஏமாறும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எறும்பின் கண்ணுக்கு முன்னால் ஒரு மயிர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்போம். கண் தெளிவாக விழும் படத்தில் அந்த மயிர் அகன்ற மங்கலாகப் பரவி, தன்னைச் சுற்றியுள்ள கண் பகுதியை மறைத்துவிடும். ஆகவே மயிரை ஒட்டிய இடத்தில் கண்ணின் தூய்மையான பதிவு எந்தப் படத்திலும் இராது. சேர்த்த படத்தில் மயிரைச் சுற்றி ஒரு வெளிறிய ஒளிவட்டம் தோன்றும். உணர்தகட்டில் ஒட்டிய தூசியோ எல்லாப் படங்களிலும் கூர்மையாகவே விழுகிறது. படங்களின் அளவுகளைச் சரிசெய்து அடுக்கும்போது அது சற்றுச் சற்று இடம்பெயர்ந்து, ஒரு கோடாக நீளும். விஷயம் தெரியாதவர் அதையும் ஒரு மயிர் என்று எண்ணக்கூடும். அதனால்தான் ஆராய்ச்சிக்கான படமானால், சேர்த்த படத்தோடு மூலப் படங்களையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இதில் அவ்வளவு கவனம் எதற்கு என்றால், அந்தப் படங்களை நம்பி இருப்பவர்களில் நாமும் உண்டு. ஓர் உயிரினத்துக்கு முதன்முதலில் பெயரிட்டபோது ஆதாரமாக வைத்த உடலை வகைமாதிரி என்பார்கள். இந்திய எறும்புகள் பலவற்றுக்குப் பெயரிட்டவர் ஆகஸ்ட் ஃபொரெல் என்ற சுவிஸ் அறிஞர். அவருடைய தொகுப்பு இருப்பது ஜெனீவா அருங்காட்சியகத்தில். வேறு பல வகைமாதிரிகள் லண்டனில் உள்ளன. முன்பெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் கப்பலேற வேண்டும், அல்லது மாதிரியைத் தபாலில் வரவழைக்க வேண்டும். கலிஃபோர்னியா அறிவியல் கழகம் 2002-இல் தொடங்கிய ஆன்ட்வெப் என்ற தொகுப்பில், எறும்புகளின் தலை, பக்கவாட்டு, மேற்புறத் தோற்றங்கள் குவிய அடுக்குப் படங்களாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மதுரையில் உட்கார்ந்தபடி ஒரு மாணவர் மயிர்களை எண்ணலாம்.

இம்முறையில் இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனையாவது படம் வென்றது என்பதைக் குறித்து வைத்தால், அதுவே அந்த இடத்தின் உயரம்! 7-ஆம் படம் வென்ற இடத்துக்கும் 12-ஆம் படம் வென்ற இடத்துக்கும் உள்ள ஆழ வேறுபாடு 5 × 0.3 = 1.5 மி.மீ. தட்டையான படங்களிலிருந்து மேடு பள்ளம் தெரிந்துவிடுகிறது.

இதைச் செவ்வாய்க் கோளில் செய்திருக்கிறார்கள். 2012 ஆகஸ்டில் அங்கே இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் கைநுனியில் மாலி என்ற காமிரா பொருத்தப்பட்டது. 2.1 செ.மீ. அருகிலிருந்தும் அது படம் எடுக்கும். அப்போது ஒரு பிக்சல் பாறையில் 14 மைக்ரானுக்குச் சமம். கரடுமுரடான பாறையை அவ்வளவு அருகில் எடுத்தால் தெளிவின் ஆழம் எவ்வளவு குறைவாக இருக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். பூமியிலிருந்து ஆணை போய்ச் சேரவே கோள்களின் நிலைக்கேற்ப 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். நின்று பார்த்துக் குவியப்படுத்த ஆளில்லை. ஆகவே மாலி தானே குவியத்தை மாற்றி மாற்றிப் படமெடுத்து, எட்டுப் படங்கள் வரை தனக்குள்ளேயே சேர்த்து, ஒரு தெளிவான படத்தையும் ஒரு தொலைவுப் படத்தையும் மட்டும் அனுப்பும்படி அமைக்கப்பட்டது. எட்டுக்குப் பதில் இரண்டு. செவ்வாயிலிருந்து அனுப்பும் ஒவ்வொரு தகவல் துளியும் விலையுயர்ந்தது அல்லவா?

உங்கள் வீட்டில் உள்ள காமிராவின் தெளிவு ஆழத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். மில்லிமீட்டர் குறித்த அளவுகோல் ஒன்றைப் புத்தகங்களின்மேல் 45 பாகை சாய்வாக நிறுத்துங்கள். காமிராவை, கைபேசியானாலும் சரி, ஆடாதபடி அதற்கு நேராகக் கிடைமட்டத்தில் வைத்து, இயன்றவரை அருகிலிருந்து ஒரு படம் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி, எத்தனை மில்லிமீட்டர் கோடுகள் கூர்மையாக உள்ளன என்று எண்ணி, அதை 0.7-ஆல் பெருக்குங்கள். கிடைப்பதே உங்கள் துண்டின் தடிப்பு. அதில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு நகர்வாக வைத்துக்கொண்டு, அதே அளவுகோலை வரிசையாகப் பத்துப் படங்கள் எடுத்து, என்ஃபியூஸ் போன்ற இலவச மென்பொருளில் இட்டுச் சேருங்கள். சேர்த்த படத்தில் கோடுகளுக்கு நடுவே மங்கலான பட்டைகள் தெரிந்தால், நகர்வைப் பாதியாக்கி இன்னொரு வரிசை எடுத்துப் பாருங்கள்.