மேசைக்கு அடியில் ஒரு போன்

அலுவலகத்தில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பார்ப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் "வேலை கெடுது" என்பார் மேலாளர். "அஞ்சு நிமிஷம்தானே சார்" என்பார் ஊழியர். அந்த அஞ்சு நிமிஷம் உடம்பை என்ன செய்கிறது என்று இருவருமே யோசிப்பதில்லை.

எட்டிப் பார்ப்பதுதான் சிக்கல்

மதியம் சாப்பிட்டுவிட்டுச் சேர்ந்தாற்போல் கால் மணி நேரம் ரீல்ஸ் பார்த்தால் பெரிய கேடில்லை. நாள் முழுக்க அரை அரை நிமிடமாக எட்டிப் பார்ப்பதுதான் ஆளைக் களைப்பாக்குகிறது. பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது போன் அதிர்கிறது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக 'ஓகே சார்'. திறந்ததுதான் திறந்தோம் என்று விரல் ஸ்டேட்டஸுக்குப் போகிறது, அங்கிருந்து இன்ஸ்டாகிராமுக்கு. திரும்பி வந்தால் எந்த பில்லில் விட்டோம் என்று தெரியவில்லை. முதலிலிருந்து கூட்ட வேண்டும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்கு நடுவே குறுக்கீடு வந்தவர்கள் வேலையை வேகமாகவே முடித்தார்கள். ஆனால் அவர்களுக்கு மன அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்தன. இழந்த நேரத்தை அவசரப்பட்டு ஈடுகட்டுகிறோம். மாலையில் வரும் தலைவலிக்கும் வீட்டில் விழும் எரிச்சலுக்கும் அந்த அவசரத்திலும் பங்குண்டு.

ஒளித்துப் பார்த்தால் கழுத்து போகும்

மேலாளர் கண்ணில் படக்கூடாதென்று போன் மடிக்கு இறங்குகிறது. தலையும் கூடவே இறங்குகிறது. தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பில் விழும் பாரம் சுமார் 27 கிலோ என்று அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணக்கிட்டார். பிடரியில் ஒரு சிப்பம் அரிசி! இது கணினி மாதிரியில் போட்ட கணக்குதான். என்றாலும் பிடரி வலிப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. போனுக்குத் தடை போட்ட அலுவலகத்தில்தான் கழுத்து அதிகம் குனியும் என்று நினைக்கிறேன்.

கணினியை உற்றுப் பார்த்துச் சோர்ந்த கண்ணுக்குப் போனும் ஓய்வு தராது. நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் கண், திரைமுன் அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண் காய்ந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது.

நீல டிக்

2014இல் வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தபின், செய்தியைப் படித்தது மேலதிகாரிக்கும் தெரிந்துவிடுகிறது. இரவு பத்து மணிக்கு வரும் "நாளைக்கு ரிப்போர்ட் வேணும்" தூக்கத்தைக் கெடுக்கிறது. பணி நேரத்துக்குப் பின் பதில் சொல்லாமலிருக்கும் உரிமை பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 முதலும் உண்டு. இந்தியாவில் இதே உரிமைக்காக எம்.பி. சுப்ரியா சுலே மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

என்ன செய்யலாம்?

அலுவலகக் குழுவைத் தவிர மற்றெல்லாக் குழுக்களையும் பணி நேரத்தில் மியூட் செய்யுங்கள். பார்ப்பதென்றால் இடைவேளையில், எழுந்து நின்று, போனைக் கண் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளியிருக்கும் எதையாவது 20 நொடி பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் போதும். லேத், பிரஸ் போன்ற இயந்திரங்களில் நிற்பவர்கள் போனை லாக்கரில் வைத்துவிடுவதே நல்லது. அங்கே ஒரு நொடிக் கவனப்பிசகு விரலையே வாங்கிவிடும்.

கழுத்துவலியோ கையில் மரமரப்போ தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். போனை வைக்க முடியாமல் தவிப்பும் தூக்கமின்மையும் இருந்தால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.