எட்டா, பதினாறா? – கம்பைலர் தீர்க்கும் வழக்கு

நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. ஒரு மாறியின் தொடக்க முகவரி எந்த எண்ணால் மீதியின்றி வகுபட வேண்டுமோ, அதுவே அதன் அலைன்மென்ட். 4 பைட் முழு எண்ணுக்குப் பெரும்பாலான கணினிகளில் இது 4. இதைவிடக் கடுமையான அளவு தேவைப்படும்போது கேட்டுப் பெற, 2011-இல் வந்த சி பிளஸ் பிளஸ் தரநிலை 'அலைன்ஆஸ்' என்ற குறிப்பைத் தந்தது. அதே ஆண்டின் சி தரநிலையிலும் இதற்கு இணையான வசதி உண்டு.

ஒரே அறிவிப்பில் 8 என்றும் 16 என்றும் இரு குறிப்புகள் இருந்தால் கம்பைலர் 16-ஐ எடுத்துக்கொள்ளும். எது முதலில் எழுதப்பட்டது என்று பார்ப்பதில்லை. அலைன்மென்ட் எப்போதும் இரண்டின் அடுக்காகவே இருக்க வேண்டும் என்பதால், 16-ஆல் வகுபடும் முகவரி 8-ஆலும் வகுபடும். பெரியதை ஏற்றாலே இரு கோரிக்கைகளும் நிறைவேறிவிடுகின்றன. மிக எளிமையான, அழகான தீர்வு இது. சுழியம் என்று எழுதினால் விளைவு இல்லை. 3 என்றால் பிழை. முழு எண்ணுக்கு 2 மட்டும் கேட்டாலும் பிழைதான், அது இயல்பான 4-ஐவிடத் தளர்வானது என்பதால். ஆனால் 2-உடன் 8-உம் சேர்ந்து வந்தால் ஏற்கப்படும், ஏனெனில் சோதிக்கப்படுவது எல்லாக் குறிப்புகளின் கூட்டு விளைவு.

ஜிசிசி கம்பைலரில் 'பேக்டு', 'அலைன்டு' என்ற இரு பண்புகளை ஒரே ஸ்ட்ரக்ட் மீது வைக்கலாம். பார்வைக்கு எதிரெதிரானவை, உண்மையில் பேக்டு உள்ளே உறுப்புகளுக்கு இடையிலான இடைவெளியை நீக்குகிறது, அலைன்டு வெளியே ஸ்ட்ரக்ட் முழுவதன் அலைன்மென்ட்டை நிர்ணயிக்கிறது. ஓர் எழுத்தும் ஒரு முழு எண்ணும் கொண்ட ஸ்ட்ரக்ட், பேக்டு மட்டும் இருந்தால் 5 பைட். அதனுடன் அலைன்டு 4 சேர்ந்தால் 8 பைட். அப்போதும் முழு எண் இடைவெளியின்றி எழுத்தை ஒட்டியே நிற்கும்; நிரப்பும் 3 பைட்டுகள் கடைசியில் சேரும்.

உண்மையான ஆபத்து வேறு வேறு அறிவிப்புகள் முரண்படும்போதுதான். மாறி வேறிடத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது என்று மட்டும் சொல்லும் எக்ஸ்டர்ன் அறிவிப்பு 16 கேட்கிறது, வரையறையோ எதுவும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே கோப்பில் இருந்தால் அது விதிமீறல்; கிளாங் கம்பைலர் அதைப் பிழையாகக் காட்டும். தனித்தனிக் கோப்புகளில் இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டுமே காணும் கம்பைலருக்கு முரண்பாடு தெரியாது. சி பிளஸ் பிளஸ் தரநிலை அங்கே எச்சரிக்கையைக் கட்டாயமாக்கவில்லை. சி தரநிலையில் விளைவே வரையறுக்கப்படவில்லை. 16-ஐ நம்பிய கோப்பில், எக்ஸ்86 செயலிக்கான 'மூவ்ஏபிஎஸ்' போன்ற கட்டளையைக் கம்பைலர் பயன்படுத்தலாம். முகவரி 16-ஆல் வகுபடாவிட்டால் செயலி அந்தக் கட்டளையை மறுத்து நிரலை நிறுத்திவிடும். மாறி தற்செயலாகச் சரியான முகவரியில் விழுந்திருந்தால் நிரல் பல மாதங்கள் ஒழுங்காக ஓடும். சம்பந்தமில்லாத வேறொரு மாறியைச் சேர்த்ததும் முகவரி மாறி, நிரல் நின்றுவிடலாம். அதனாலேயே இந்தப் பிழையைப் பிடிப்பது கடினம்.

இதைத் தவிர்க்க, எக்ஸ்டர்ன் அறிவிப்பைத் தலைப்புக் கோப்பில் ஒரே இடத்தில் எழுதி, மாறியை வரையறுக்கும் கோப்பிலும் அதையே சேர்த்துக்கொள்வது வழக்கம். அப்போது அறிவிப்பும் வரையறையும் கம்பைலரின் கண்முன் ஒன்றாக வந்து நிற்கும்.