பழைய கம்ப்யூட்டருக்கு நாலு கொத்தனார்

(மூன்றாமாண்டு மாணவி, கணிப்பொறியியல் துறை)



பேரவை மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னபோது, "கவிதை குடு, இல்லேன்னா சிரிப்புத் துணுக்கு குடு" என்றார்கள். எனக்கு இரண்டும் வராது. ஆனால் நம்மில் பல பேர் வீட்டில் மேஜைக்கடியில் தூசி படிந்து உறுமிக்கொண்டிருக்கிறதே பழைய கம்ப்யூட்டர், அதைப்பற்றிச் சொல்லத் தெரியும். "இது ரொம்ப ஸ்லோ, தூக்கிப் போடு" என்று யாராவது சொன்னால் உடனே கேட்டுவிடாதீர்கள். அது எதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்டால் கொஞ்சப் பணத்தில் இன்னும் சில வருடம் ஓட்டலாம். தெரியாமல் செலவு செய்தால் அந்தக் கொஞ்சமும் தண்டம்!

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரையே எடுத்துக்கொள்கிறேன். அப்பா கொத்தனார். அவர் வேலை பார்த்த வீட்டுக்காரர் புதுசு வாங்கியபோது பழையதை மூவாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தார். உள்ளே இன்டெல் ஹெச்61 சிப்செட் போர்டு, பென்டியம் ஜி2020 பிராசஸர், 2 ஜி.பி. மெமரி, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். இரண்டாம் ஆண்டு வரை தாக்குப் பிடித்தது. அப்புறம் ப்ராஜெக்ட் வேலை ஆரம்பித்ததும் திணற ஆரம்பித்தது. ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "அண்ணே, இது தேறாது. முப்பத்திரண்டாயிரம் ஆகும், புதுசா எடுத்துடுங்க" என்றார்.

அப்பாவின் ஒரு நாள் கூலி ஆயிரம் ரூபாய், அதுவும் வேலை கிடைக்கிற நாளில். முப்பத்திரண்டு நாள் கூலி! அப்பா மேஸ்திரியிடம் முன்பணம் கேட்கிறேன் என்று கிளம்பிவிட்டார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். கடைக்காரர், டாக்டர், ஆபீஸர் சொன்னால் எதிர்க் கேள்வி கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. "ஒரு வாரம் பொறுங்கப்பா, நான் பார்த்துச் சொல்றேன்" என்றேன். "நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு" என்று விட்டுவிட்டார். அந்த ஒரு வாரத்தில் லேப் அண்ணனிடமும் லைப்ரரியிலும் தேடித் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த "மல்டி கோர்" எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் பிராசஸரை வேகமாக்க வேண்டுமென்றால் அதன் கிளாக் வேகத்தை ஏற்றினால் போதும். பென்டியம் 4 அப்படியே ஏறி ஏறி 2004-இல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வந்தது. 4 கிகாஹெர்ட்ஸ் வரும் என்று சொல்லியிருந்த இன்டெல், அதே வருடம் அதைக் கைவிட்டுவிட்டது. காரணம் சூடு. நம்ம எலெக்ட்ரானிக்ஸ் பாடத்தில் வருவதுதான்: சிப் எடுக்கும் பவர், கிளாக் வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் பெருகும். வேகத்தை ஏற்ற வேண்டுமென்றால் வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். அப்போது சூடு எக்கச்சக்கமாக எகிறும். ஆகவே ஒரே ஆளை விரட்டுவதை விட்டுவிட்டு, ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். ஐ.பி.எம். 2001-லேயே பவர்4 சிப்பில் இரண்டு கோர் வைத்துவிட்டது. 2005-இல் இன்டெல் பென்டியம் டி, ஏ.எம்.டி. அத்லான் 64 எக்ஸ்2 என்று வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இரண்டு கோர் வந்தது. 2007 ஜனவரியில் நாலு கோர் உள்ள கோர் 2 குவாட் கியூ6600. 2009 செப்டம்பரில் ஏ.எம்.டி. நிறுவனம் அத்லான் 2 எக்ஸ்4 620 என்ற நாலு கோர் பிராசஸரை 99 டாலருக்கு விட்டது. நாலு கோர் என்பது பணக்காரர் சமாச்சாரம் என்ற நிலை அதோடு மாறிப்போனது.

சரி, கோர் இரண்டிலிருந்து நாலானால் வேகம் இரண்டு மடங்கு ஆகுமா? ஆகாது. ஏன் என்பதை எங்கள் அப்பா தொழிலை வைத்துச் சொல்கிறேன், சிவில் நண்பர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு கொத்தனார் தனியாகச் செய்தால் பத்து நாள் ஆகும் வேலை. அதில் எட்டு நாள் சுவர் எழுப்புவது, பங்கு போட்டுக்கொள்ளலாம். இரண்டு நாள் கான்கிரீட் இறுகக் காத்திருப்பது. அதை யாரும் பங்கு போட முடியாது. இரண்டு கொத்தனார் வந்தால் நாலு நாளும் இரண்டு நாளும் சேர்த்து ஆறு நாள். நாலு பேர் வந்தால் இரண்டும் இரண்டும் நாலு நாள். எட்டுப் பேர் வந்தால் மூன்று நாள். நூறு பேரைக் கூட்டி வந்தாலும் இரண்டு நாளுக்குக் கீழே வராது! இதைத்தான் ஜீன் அம்தால் என்ற கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் 1967-இல் சொன்னார். அம்தால் விதி என்பார்கள். ஆக, ஆள் இரண்டிலிருந்து நாலானால் இந்த வேலையில் கிடைப்பது ஒன்றரை மடங்கு வேகம்தான்.

இன்னொன்று. நாலு கொத்தனாருக்கு ஒரே சித்தாள் கலவை சுமந்தால் என்ன ஆகும்? மூன்று பேர் கரண்டியோடு சும்மா நிற்பார்கள். எங்கம்மா சித்தாள் வேலைக்குப் போனவர், இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அதெல்லாம் நாங்க படிக்காமலே பார்த்துட்டோம்டி" என்றார். கம்ப்யூட்டரில் கலவை சுமப்பது மெமரி. போர்டில் இரண்டு மெமரி ஸ்லாட் இருந்து ஒன்றில் மட்டும் குச்சி செருகியிருந்தால் ஒரு பாதைதான் வேலை செய்யும். இரண்டிலும் செருகினால் டூயல் சேனல், பாதை இரட்டிப்பாகும். பக்கத்திலேயே கொஞ்சம் கலவையை வைத்துக்கொள்ளும் சட்டிதான் கேஷ் மெமரி.

இப்போது முக்கியமான இடம். உங்கள் கம்ப்யூட்டர் எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்கக் காசு செலவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களுக்கு எரிச்சல் தரும் அந்த வேலையைச் செய்யுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, சி.பி.யு. 20-இல் தூங்குகிறது என்றால் பிராசஸரை மாற்றிப் புண்ணியமே இல்லை, எஸ்.எஸ்.டி. போடுங்கள். மெமரி நிரம்பி வழிகிறது என்றால் மெமரி போடுங்கள். சி.பி.யு.வே 100-ஐத் தொட்டு நின்றால்தான் பிராசஸர் பேச்சு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு கோர் மெஷினில் சி.பி.யு. சரியாக 50 சதவீதம் பக்கத்திலேயே நகராமல் நிற்கிறதா? அந்த சாஃப்ட்வேர் ஒரு கோரை மட்டுமே பயன்படுத்துகிறது என்று அர்த்தம். அதற்கு நாலு கோர் வாங்கிக் கொடுத்தால் 25 சதவீதத்தில் நிற்கும், அவ்ளோதான்! மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் கவனிக்கவும்: ஆட்டோகேடில் படம் வரையும் வேலை பெரும்பாலும் இப்படி ஒற்றைக் கோர் வேலைதான். மாறாக வீடியோவை எக்ஸ்போர்ட் செய்வது, பெரிய ப்ரோக்ராமைக் கம்பைல் செய்வது, 3டி ரெண்டரிங், ஃபைல்களைச் சுருக்குவது எல்லாம் பங்கு போடக்கூடிய வேலை. அங்கே ஒவ்வொரு கோரும் காசுக்கு உழைக்கும்.

எங்கள் மெஷினில் மூன்று நோயும் இருந்தது. ஆன் செய்யும்போது டிஸ்க், பிரவுசர் திறந்தால் மெமரி, ப்ராஜெக்ட் வீடியோ செய்யும்போது சி.பி.யு. அதனால் வரிசை வைத்துக்கொண்டேன். முதலில் எஸ்.எஸ்.டி. ஹெச்61 போர்டில் சாட்டா வேகம் பழைய 3 கிகாபிட் கணக்குதான், புது எஸ்.எஸ்.டி.யின் முழு வேகம் கிடைக்காது. பரவாயில்லை. ஹார்ட் டிஸ்க் ஒரு இடத்தைத் தேடிப் பிடிக்கவே கிட்டத்தட்ட 10 மில்லி செகண்ட் எடுக்கும், எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூற்றில் ஒரு பங்கு போதும். அந்த வித்தியாசம் பழைய போர்டிலும் கிடைக்கும். இரண்டாவதாக 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 குச்சி ஒன்று. (டி.டி.ஆர்.4 வாங்கிவிடாதீர்கள், வெட்டு வேறு இடத்தில் இருக்கும், நுழையாது.) மூன்றாவதுதான் பிராசஸர்.

என்ன பிராசஸர்? ஜி2020-க்கு இரண்டு கோர், 2.9 கிகாஹெர்ட்ஸ், 3 எம்.பி. கேஷ். அதே எல்.ஜி.ஏ. 1155 சாக்கெட்டில் உட்காரும் ஐ5-3470-க்கு நாலு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 3.6 வரை தானே ஏறும், 6 எம்.பி. கேஷ். ஐ3-3220 என்று ஒன்று உண்டு. அதில் கோர் இரண்டுதான், ஆனால் நாலு போலக் காட்டும். ஒரே கொத்தனார் ஒரு சுவரில் கலவைக்குக் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்துச் சுவரில் கை வைக்கிற மாதிரி. கொஞ்சம் லாபம் உண்டு, நிஜமான நாலு ஆளுக்கு ஈடாகாது. ஐ7-3770-இல் நாலு கோரோடு இந்த வித்தையும் சேர்ந்திருக்கிறது. விலை கூடுதல். நம்ம வேலைக்கு ஐ5 போதும் என்பது என் கட்சி.

சென்னை ரிச்சி தெருவில் கழற்றிய பிராசஸர்கள் கிடைக்கும். ஆனால் "ஐ5 இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்டால் ஏமாந்தோம். டெஸ்க்டாப்பில் முதல் தலைமுறைக்கு 1156 சாக்கெட், இரண்டாவது மூன்றாவதுக்கு 1155, நாலாவதுக்கு 1150. ஒன்று இன்னொன்றில் உட்காராது. ஒரு கடையில் "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று நாலாம் தலைமுறையை நீட்டினார்கள். நான் நம்பரைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதைவிட மோசம், நம்பருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்து. ஐ5-3470-க்கு நாலு கோர். ஐ5-3470டி என்றால் இரண்டே கோர்! ஒரே ஒரு எழுத்தில் இரண்டு கொத்தனார் காணாமல் போகிறார்கள். பிராசஸரின் மூடி மேலேயே நம்பர் பொறித்திருக்கும். வெளிச்சத்தில் காட்டிப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

வாங்குவதற்கு முன் போர்டு கம்பெனியின் பட்டியலில் அந்தப் பிராசஸர் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஹெச்61 போர்டுகள் 2011-இல் வந்தவை, மூன்றாம் தலைமுறை 2012-இல்தான் வந்தது. ஆகவே ஆரம்ப கால போர்டுக்கு பயாஸ் அப்டேட் செய்தால்தான் புதுசை அடையாளம் தெரியும். அதைப் பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே செய்துவிட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே காலி, யு.பி.எஸ். இல்லாமல் தொடாதீர்கள். எங்கள் ஜி2020-உம் மூன்றாம் தலைமுறைக் குடும்பமே என்பதால் எனக்கு அந்த வேலை மிச்சம்.

மாட்டுவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. பிளக்கைப் பிடுங்குங்கள், கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள ஸ்டேட்டிக்கைப் போக்குங்கள். ஃபேனின் நாலு பிளாஸ்டிக் காலையும் அம்புக்குறிப்படி திருப்பித் தூக்குங்கள். பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிடுங்கள். இந்த சாக்கெட்டில் பின்கள் பிராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. முடி மாதிரி மெல்லியவை. விரல் பட்டு வளைந்தால் நிமிர்த்துவது பெரிய பாடு. பிராசஸரை ஓரத்தில் பிடித்து, இரண்டு வெட்டும் சேரும்படி வைத்தால் தானே உட்கார்ந்துவிடும். அழுத்தவே கூடாது. நடுவில் பச்சைப்பயறு அளவுக்குப் புது பேஸ்ட் வைத்து ஃபேனை மாட்ட வேண்டியதுதான். ஜி2020-க்கு 55 வாட் கணக்கு, 3470-க்கு 77 வாட். அதனால் முதல் நாள் வெப்பநிலையைக் கவனியுங்கள். முழு வேலையில் 80 டிகிரியைத் தாண்டிப் போனால் ஃபேன் கால் ஒன்று சரியாக இறங்கவில்லை, அல்லது தூசி அடைத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

பலன்? எங்கள் ப்ராஜெக்ட் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய முன்பு 38 நிமிடம், இப்போது 16 நிமிடம். ஆட்டோகேடில் கொஞ்சம்தான் முன்னேற்றம். அதுவும் கிளாக் வேகம் கூடியதால் வந்தது, கோர் கூடியதால் அல்ல. ஆன் ஆகும் வேகம் எஸ்.எஸ்.டி. போட்ட அன்றே கிடைத்துவிட்டது, பிராசஸருக்கு அதில் பங்கில்லை. நான் கொடுத்த விலை: எஸ்.எஸ்.டி. 1,500, மெமரி 500, பிராசஸர் 1,700, பேஸ்ட் 100. மொத்தம் 3,800. நாலு நாள் கூலிக்குள் முடிந்தது. அப்பா முன்பணம் வாங்கவில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இந்த 1155 சாக்கெட்டில் உட்காரும் எந்தப் பிராசஸரும் கிடையாது, எவ்வளவு பணம் கொடுத்தாலும். ஆகவே நான் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டேன். ஆட்டோகேட் வேண்டுமென்றால் காலேஜ் லேப்தான். அந்த சாஃப்ட்வேர் வீட்டிலேயே ஓடியாக வேண்டும் என்பவர்கள், இந்த வயது போர்டில் காசு போடுமுன் இரண்டு தடவை யோசியுங்கள்.

கழற்றிய ஜி2020 என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. கடைக்குப் போகுமுன் 1155 எப்படி இருக்கும், வெட்டு எங்கே இருக்கும், நம்பர் எங்கே பொறித்திருக்கும் என்று கையில் பிடித்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் மதிய இடைவேளையில் வந்து கேட்கலாம்.