வாயிலின் அகலம்

வலையை இழுத்துப் பிடித்தால் கண் விரியும்; தளர விட்டால் சுருங்கும். மாப்பிள்ளையூரணியை அடுத்த கடலோரத்தில் இதனை அறியாத சிறுவன் இல்லை. இதே செய்தி நம் உடலின் உயிரணுவுக்கும் பொருந்தும் என்பதைக் கண்டறிய அறிவியலுக்கு எழுபது ஆண்டுகள் ஆயின.

உயிரணுவின் நடுவே மரபுப் பொருளைப் பேணும் பெட்டகமாய் உட்கரு உள்ளது. அதன் உறையில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவை வெறும் ஓட்டைகள் அல்ல; ஏறத்தாழ 30 வகைப் புரதங்கள் எட்டெட்டாய்க் கூடிச் சமைத்த வளைய வாயில்கள். புரதங்களை ஆக்கும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். நம் உயிரணுக்களில் அந்த ரைபோசோமின் பாகங்கள் உட்கருவில் உருவாகி இவ்வாயில் வழியாகவே வெளியேறுகின்றன.

இத்துளைகளை 1950இல் மின்னணு நுண்ணோக்கியால் கண்டவர்கள் கேலன், டாம்லின் என்னும் இருவர். அக்கருவியின் உள்ளே காற்றே கிடையாது. ஆதலின் ஈரப் பொருளை உலர்த்தியே வைக்க வேண்டியிருந்தது. கருவாட்டைக் கண்டு பச்சை மீனின் பருமனைக் கூறுவது போன்றதே அது! உறைய வைக்கலாமே எனில், மெல்ல உறையும் நீர் பனிப்படிகமாகித் தசையைக் கிழித்துவிடும்; மெல்ல உறைந்து, பின் உருகிக் குழைந்த மீனை வாங்கியவர்க்கு இது புரியும். நீரைப் படிகமாக விடாமல் நொடிப்பொழுதில் கண்ணாடி போல் உறையச் செய்யும் வழியை 1980களின் தொடக்கத்தில் ழாக் துபோஷே கண்டார். 2017இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

எனினும், உயிரணுவிலிருந்து பிரித்தெடுத்த உறையில் அளந்தபோது வாயிலின் அகலம் ஏறத்தாழ 40 நானோமீட்டரே இருந்தது. (மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு நானோமீட்டர்.) எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமியின் உள்ளுறையோ 60 அகலமுள்ளது. எனவே அது வெளியிலேயே உடைந்தாக வேண்டும் என்று பலரும் நம்பினர். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர ஆய்வாளர்கள் உயிரணுவையே முழுதாக உறையச் செய்து, மென்சீவலாக்கி, பல கோணங்களில் படமெடுத்தனர். 2021இல் வெளியான அவர்களது அளவு 64 நானோமீட்டர்! பிரித்தெடுத்தபோது உறையின் இழுவிசை தளர்ந்து கண் சுருங்கியிருந்தது என்பதே இப்போதைய விளக்கம். கிருமியின் உள்ளுறை முழுதாகவே வாயிலுக்குள் நுழைவதும் படங்களில் தெரிந்தது.

பகைவன் எந்த உருவில் கோட்டைக்குள் புகுகிறான் என்பது சிறு செய்தியன்று. அந்த உள்ளுறையையே பற்றி முடக்கும் லெனகாபவிர் என்னும் மருந்துக்கு அமெரிக்கா 2022இல் சிகிச்சைக்கும், 2025இல் நோய்த் தடுப்புக்கும் ஒப்புதல் அளித்தது. நாள்தோறும் மாத்திரை விழுங்குவதற்கு மாறாக, தடுப்புக்கு ஆண்டுக்கு இருமுறை ஊசியாக அது செலுத்தப்படுகிறது.