இருபத்தொன்பது பேர் சேர்ந்து பாடினால்

மனசு சரியில்லாதப்போ சந்தோஷமான பாட்டு பெரும்பாலும் எரிச்சலைத்தான் கிளப்பும். நண்பர் ஒருத்தர் "இதைக் கேட்டுப் பாரு"ன்னு சொன்ன ஆல்பம் அப்படிச் செய்யவில்லை. ஏன்னு யோசித்ததன் குறிப்பு இது.

ஆல்பம்: 'லெட் மீ இன்ட்ரொட்யூஸ் மை ஃப்ரெண்ட்ஸ்' (2006). குழு: 'ஐம் ஃப்ரம் பார்சிலோனா'. பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இவங்க ஸ்வீடன்காரங்க. 'ஃபால்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில் வரும் மானுவேல் என்ற வெயிட்டருக்குச் சொந்த ஊர் பார்சிலோனா. பேர் அங்கிருந்து வந்தது. எமானுவேல் லுண்ட்கிரென் பாட்டுகளை எழுதி, நண்பர்களைக் கூப்பிட்டுப் பாட வைத்தார். மொத்தம் 29 பேர்!

பாட்டுகளின் விஷயமும் விசித்திரம்தான்: தபால்தலை சேகரிப்பு, சின்னம்மை, மரத்து மேல கட்டின வீடு.

ரகசியம் கோரஸில் இருக்கிறது. பலர் ஒரே சுரத்தைப் பாடும்போது ஒவ்வொருத்தர் சுருதியும் நேரமும் இம்மியளவு விலகும். அந்த விலகல்களை நம்ம காது தனித்தனியாகப் பிரிப்பதில்லை. ஒரே கனமான, அகலமான குரலாகக் கேட்கிறது. ஒற்றைக் குரலை இப்படிக் காட்டத்தான் ஸ்டூடியோக்களில் 'கோரஸ்' என்ற எஃபெக்டே இருக்கு.

தேர்ந்த பாடகர் ஒருத்தர் "நான் சந்தோஷமா இருக்கேன்"னு பாடினா நாம வெளியே நின்னு பார்க்கிறோம். இந்தக் கூட்டத்துலயோ முப்பதாவது ஆளா நுழைஞ்சிடலாம். சுருதி கொஞ்சம் பிசகினாலும் யாருக்கும் தெரியாது.

முதலில் 'ட்ரீஹவுஸ்' கேளுங்க. ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கர்ல வைங்க.