மூட்டுவாதமும் மாரடைப்பும்

வாதநோய் என்றதும் நம் கண்முன் தோன்றுவன வீங்கிய முழங்காலும், கோணிய விரல்களும், காலையில் தேநீர்க் கோப்பையைத்தானும் பற்ற இயலாத கைகளுமேயாம். நோயாளியின் முறைப்பாடும் அதுவே. வீட்டாரின் கவலையும் அதுவே. ஆயினும், இந்நோயுடையோரின் ஆயுளைக் குறைக்கும் காரணங்களுள் தலையாயது மூட்டன்று, இதயமே.

ஒரு மயக்கத்தை முதலிலேயே நீக்கிவிடுதல் நன்று. பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக்காய்ச்சல் இதயத்தின் வால்வுகளைக் கெடுக்கும் என்பதை நம்மவர் பலர் அறிவர். நாம் இங்குப் பேசுவது அதனையன்று. றூமற்றோயிட் மூட்டுவாதம், லூப்பஸ் முதலிய வேறொரு வகை நோய்களைப் பற்றியே பேசுகின்றோம். கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடலின் காவற்படை, இந்நோய்களில் தன் சொந்த இழையங்களையே பகையெனக் கொண்டு தாக்குகின்றது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இவை பெண்களையே மிகுதியாகப் பற்றுவன. லூப்பஸ் கண்டவர்களுள் பத்துக்கு ஒன்பதுபேர் பெண்களே.

1948இல் அமெரிக்காவின் றொச்செஸ்டர் நகரில், பிலிப் ஹெஞ்ச் என்னும் வைத்தியர், மூட்டுவாதத்தால் முடங்கிக்கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கோட்டிசோன் என்னும் மருந்தை ஊசிமூலம் ஏற்றினார். சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். 1950இல் ஹெஞ்சுக்கும் வேறிருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முன்னர் விரைவில் மாண்டுபோன லூப்பஸ் நோயாளர் பலரும் இம்மருந்தினத்தால் உயிர்தப்பலாயினர். உயிர்தப்பியவர்களுக்குப் பின்னர் நேர்ந்தது என்ன?

இவ்வினாவுக்கு 1976இல் கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து விடை வந்தது. மறி யூறோவிற்ஸ் என்பவரும் அவர்தம் குழுவினரும் 81 லூப்பஸ் நோயாளரை ஐந்தாண்டுகள் கவனித்தனர். அவர்களுள் 11 பேர் இறந்தனர். அறுவர் நோய் கண்ட ஓராண்டுக்குள்ளேயே, நோயின் வேகத்தாலும் தொற்றுக்களாலும் மாண்டனர். எஞ்சிய ஐவரோ, சராசரியாக எட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, நோய் பெரும்பாலும் அடங்கியிருந்த நிலையில் இறந்தனர். அந்த ஐவருக்குமே இறக்குங் காலத்தில் மாரடைப்பு ஏற்பட்டிருந்தது. ஐவர் என்பது சிறு தொகைதான். எனினும் வைத்திய உலகைத் திடுக்கிடச் செய்ய அது போதுமாயிற்று.

1997இல் பிற்ஸ்பேர்க் நகர் ஆய்வாளர், லூப்பஸ் உடைய பெண்களைப் பிறேமிங்காம் நகரத்துப் பெண்களோடு ஒப்பிட்டு நோக்கினர். 35 முதல் 44 வயது வரையானோரில், லூப்பஸ் உடையோர்க்கு மாரடைப்பு 50 மடங்குக்கு மேல் மிகுதியாகக் காணப்பட்டது. இவ்வெண்ணைக் கேட்டு வாசகர் அஞ்சவேண்டியதில்லை. அவ்வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு வருவதே மிக அரிது. அரிதானதன் 50 மடங்கும் எல்லாரையும் பற்றிவிடுவதன்று. றூமற்றோயிட் நோயில் இவ்வேறுபாடு இத்துணைப் பெரிதன்று. அந்நோயாளியின் இதய ஆபத்தை வழக்கம்போற் கணித்து, வந்த விடையை ஒன்றரையாற் பெருக்குமாறு ஐரோப்பிய வாதநோய் நிபுணர்கள் விதந்துரைத்துள்ளனர்.

காரணம் என்ன? மூட்டிற் கனலும் அழற்சி மூட்டோடு நின்றுவிடுவதில்லை. குருதியோடு கலந்து சென்று நாடிகளின் உட்சுவரையும் புண்படுத்துகின்றது. அப்புண்ணிலே கொழுப்புப் படிகின்றது. இதில் ஒரு விந்தையும் உண்டு. அழற்சி மூண்டிருக்கும்போது குருதியிலுள்ள கொலஸ்ரரோல் அளவு குறைந்தே காணப்படலாம். பரிசோதனைத் தாளைப் பார்த்து, "கொழுப்பு இல்லை, பயமில்லை" என்று மகிழ்வோர் ஏமாந்துபோவது இவ்விடத்திலேதான்.

மருந்துகளும் இருமுனைக் கத்தி போன்றவை. ஹெஞ்சின் வழிவந்த ஸ்ரெரொயிட் குளிசைகள் நெடுங்காலம் உட்கொள்ளப்படுமிடத்துக் குருதியமுக்கத்தையும் சலரோகத்தையும் கொண்டுவரக்கூடும். நோவைத் தணிக்கும் குளிசைகளுட் பல இதயத்துக்குக் கேடு செய்யவல்லன. அவற்றுளொன்றான வயொக்ஸ் இக்காரணத்தாலேயே 2004இல் சந்தையிலிருந்து மீட்கப்பட்டது. அதற்காக மருந்தையே கைவிடுவது மடமை. ஸ்ரெரொயிட்டைத் திடீரென நிறுத்துதல் உயிருக்கே ஆபத்தாகலாம். மேலும், அழற்சியை அடக்கும் மெதோற்றெக்சேற் உட்கொள்ளும் மூட்டுவாத நோயாளரிடையே இதயநோய் குறைவாகவே காணப்பட்டுள்ளது. மலேரியாவுக்கென வந்து இன்று லூப்பஸ் நோயாளரின் உற்ற துணையாகிவிட்ட ஹைட்ரொக்ஸிகுளோரோகுயினையும் வைத்தியரைக் கேளாது நிறுத்துதல் கூடாது. புகைத்தலை நிறுத்துவதற்கோ எவரையும் கேட்கவேண்டியதில்லை. அது மூட்டுவாதத்தையும் வளர்க்கும், நாடியையும் அடைக்கும்.

இன்னும் ஒன்று. மூட்டுவாதக்காரருக்கு மாரடைப்பு பலவேளைகளில் நெஞ்சுநோவின்றியே வந்துபோகின்றது. ஆகவே, நாற்பது வயதுகூட நிரம்பாத ஒருத்தி, "நாலு படி ஏற மூச்சு வாங்குகின்றது; தாடையும் இடத்தோளும் உளைகின்றன" என்று சொன்னால், "அது உன்ரை வாதந்தான், பிள்ளை" எனத் தைலம் பூசிப் படுக்கவிடலாகாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அங்கே, இவ்வயதில் மாரடைப்பா என்று எவரேனும் ஐயுறுவாராயின், அவளுக்குள்ள வாதநோயின் பெயரையும் அவள் உட்கொள்ளும் குளிசைகளின் பெயர்களையும் எடுத்துச்சொல்லி, இ.சி.ஜி. பரிசோதனையைக் கேட்டுச் செய்விக்க வேண்டும்.