கிரிவலப் பாதமும் களிம்பின் இலக்கணமும்

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை அடியார்கள் பௌர்ணமிதோறும் செருப்பின்றி நடந்தே கடப்பதால், குதிகால் வெடிப்பும் கொப்புளமும் இவ்வூருக்குப் புதியன அல்ல. அவற்றுக்காக மருந்துக் கடையில் கேட்கப்படும் குழாய் மருந்து எதுவாயினும் 'ஆயின்மென்ட்' என்ற ஒரே பெயரால் வழங்குகிறது. ஆனால், மருந்துப் பொருளை உடல் ஏற்கத்தக்க வடிவமாக்கும் மருந்தாக்கவியல் துறை, அந்த ஒரு பெயருக்குள் களிம்பு, கிரீம், ஜெல், பசை என நான்கு வேறு பொருள்களைக் காண்கிறது.

இந்நான்கும் அரைத்திண்ம மருந்துகள் எனப்படும். சாய்த்தாலும் தானாக வழிந்தோடாமல், விரல் அழுத்தத்திற்கு மட்டும் இளகிப் பரவி, விரலை எடுத்ததும் பரவிய இடத்திலேயே தங்கிவிடும் தன்மையே இவற்றின் பொது இலக்கணம்.

களிம்பையும் கிரீமையும் பிரிப்பது நீரின் அளவு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வரையறைப்படி, நீரும் ஆவியாகும் பொருள்களும் 20 விழுக்காட்டிற்குக் குறைந்து, பெட்ரோலியம் ஜெல்லி, மெழுகு, பாலியால் போன்றவை 50 விழுக்காட்டிற்கு மேற்பட்டு அமைவது களிம்பு. களிம்பென்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தே தீரும் என்பது தவறு. பாலியால்கள் நீரில் கரைபவை ஆகையால், அவற்றில் செய்த பழுப்புநிறப் போவிடோன் அயோடின் களிம்பு நீர் பட்டாலே கழுவப்பட்டுவிடுகிறது. கிரீம் என்பது பாலில் கொழுப்பு கலந்திருப்பதைப் போல எண்ணெயும் நீரும் நுண்துளிகளாகக் கலந்த பால்மம். பொதுவாக 20 விழுக்காட்டிற்கு மேல் நீர் கொண்டது. தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் பன்னீருடன் கடைந்து கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன் செய்ததாகக் கூறப்படும் பூச்சு, நீர் ஆவியாகும்போது தோலைக் குளிர்வித்ததால் 'கோல்டு கிரீம்' எனப் பெயர் பெற்றது.

நீர்மத்தை ஒரு வலைப்பின்னலுக்குள் சிறைப்படுத்தி விறைப்பாக்கியது ஜெல். கொழுப்பில் 20 முதல் 50 விழுக்காடு வரை நுண்பொடி விரவியது பசை. கார்த்திகைத் தீபக் கொப்பரையிலிருந்து சேகரித்துப் பக்தர்களுக்கு வழங்கப்படும் தீப மை, நெய்யில் கரி விரவிய பொருளாதலால், மருந்தன்று எனினும் கட்டமைப்பில் பசையின் இனத்தைச் சேர்ந்ததே.

இப்பகுப்பு தமிழருக்கு அயலானதும் அன்று. சித்த மருத்துவம் வகுத்த 32 புறமருந்துகளில் பூச்சு, பற்று, களிம்பு, பசை, மை ஆகியவை தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. நூலோர் ஐந்து பெயரிட்டுப் பிரித்ததைக் கடைத்தெரு ஓர் ஆங்கிலச் சொல்லில் அடக்கிவிட்டது.

பெயர் மாறினால் பயனும் மாறுகிறது. வறண்டு வெடித்த குதிகாலுக்கு ஈரத்தை வெளியேறவிடாமல் மூடும் கொழுப்புக் களிம்பு ஏற்றது. நீர் கசியும் தோலின்மீதோ அத்தகைய மூடல் ஈரத்தைத் தேக்கிக் கெடுதல் செய்யக்கூடுமாதலால், அங்கே பெரும்பாலும் கிரீமே பொருந்துகிறது. மருந்தின் பெயரும் அளவும் ஒன்றாகவே அச்சிடப்பட்ட இரு குழாய்கள் இதனால் ஒன்றுக்கொன்று மாற்றாகிவிடுவதில்லை. மருத்துவர் சீட்டில் எழுதியது கிரீமா, ஆயின்மென்டா என்பதைக் குழாயின் மேலுள்ள சொல்லோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாசகர்கள் பணத்தைக் கொடுக்க வேண்டும்.